ஏற்காடு சரிவுல வீட்டுக்கு நூல் போடுறது எப்படி: டியூப் லெவலும் தூக்குகுண்டும் போதும்

பி.ஆர்க் முடிச்சிட்டு முதல் தடவையா சைட்டுக்கு வர்ற பசங்களுக்கும், மலைல சின்னதா ஒரு வீடு கட்டணும்னு இருக்கறவங்களுக்கும்தான் இந்த பதிவு. நூல் போடுறதுன்னா பிளான்ல இருக்கற வீட்டோட மூலைகளையும் கோடுகளையும் நூல் கட்டி மண்ணுல குறிக்கறது. அஞ்சு வருஷம் டிசைன் ஸ்டுடியோ, ட்ரெய்னிங்ல ஆபீஸ்ல உக்காந்து ஆட்டோகேட், இதெல்லாம் தேவைதான், ஆனா நாகலூர் பக்கம் ஒரு சரிவான காப்பித் தோட்டத்து ஓரத்துல மேஸ்திரி அண்ணன்கூட நின்னு நூல் புடிச்சப்பதான் பிளான்னா என்னன்னே எனக்கு முழுசா புரிஞ்சுது. அவர் சொன்னது இதுதான்: "கண்ணு, பேப்பர்ல உன் 24 அடி மட்டமா படுத்திருக்கு, இங்க மண்ணு சாஞ்சு கெடக்குது. மொதல்ல மண்ண அள, அப்பறம் கோடு போடு."

ஏற்காடு ஹாக்காவுல (HACA, மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்) வர்ற ஊரு, மலைல கட்ட தனி அனுமதி வேணும், அத முடிச்சிட்டுதான் மண்வெட்டிய எடுக்கணும். அதுக்குள்ள நான் போகல.

என்னென்ன வேணும்

தூக்குகுண்டு (நூல்ல தொங்கவிட்டா நேர் கீழ் புள்ளிய காட்டற குண்டு), நைலான் நூல், சுண்ணாம்பு பவுடர், 6 அடிக்கு மேல உயரமா நாலு சவுக்குக் குச்சி, கொஞ்சம் முளைக்குச்சி, உள்ள தண்ணி தெரியற 15 மீட்டர் டியூப் (தண்ணி ஊத்தி மட்டம் பாக்கற இதுதான் டியூப் லெவல்). டேப் மட்டும் ஸ்டீல் டேப்பாவே வாங்குங்க, பைபர் டேப்ப இழுத்தா நீளும், நான் அத சைட்டுக்குள்ளயே விடமாட்டேன். நூலும் பருத்தி வேணாம், மலைல பனி ஏறி நனைஞ்சா அதோட இழுவ மாறிடும். சேலம் செவ்வாய்ப்பேட்டை கடைகள்லயே எல்லாம் கெடைக்கும், கீழயே வாங்கிட்டு 20 கொண்டை ஊசி ஏறுங்க, மறந்த ஒரு டியூபுக்காக திரும்ப இறங்கறது பெரிய பாடு. லேசர் லெவல் எதுக்கு வேணாம்னா வெயில்ல அந்த கோடு கண்ணுக்கே தெரியாது, உள்ள பூச்சுவேலைக்கு அது நல்லாருக்கும்.

1. டியூப் லெவல்ல மட்டம் எடுக்கறது

வேலையோட உயிரே இதுலதான் இருக்கு, அவசரப்படாதீங்க.

டியூப்ல தண்ணிய குழாயில புடிச்சு ஊத்தக்கூடாது, காத்து குமிழி உள்ள மாட்டிக்கும். ஒரு வாளி தண்ணிய உயரத்துல வச்சு, டியூபோட ஒரு முனைய உள்ள முக்கி, இன்னொரு முனைய கீழ இறக்கி வாயால ஒரு இழுப்பு இழுத்து விட்டா தண்ணி தானா ஓடும், குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. ரெண்டு சொட்டு இங்க் கலந்துட்டா மூடுபனி நேரத்துலயும் தண்ணி மட்டம் தெளிவா தெரியும். அப்பறம் ரெண்டு முனையையும் பக்கத்து பக்கத்துல புடிங்க, தண்ணி ரெண்டுலயும் ஒரே மட்டத்துல நின்னா டியூப் சரி. நிக்கலன்னா எங்கயோ குமிழி இருக்கு, இல்ல டியூப் மடங்கியிருக்கு. டியூப அடைச்சு நிக்கிற ஒரே ஒரு குமிழி போதும், மட்டம் இன்ச் கணக்குல தள்ளிப் போயிடும். ஒவ்வொரு மூலைக்கு போறதுக்கு முன்னாடியும் இந்த செக்க பண்ணுங்க.

மேல் மூலைல ஒரு குச்சி அடிச்சு தரைல இருந்து 1 அடி உயரத்துல கோடு போடுங்க. ஒருத்தர் டியூப் முனைய அந்த கோட்டுல வச்சு நிக்கணும், இன்னொருத்தர் கீழ் மூலைக்கு போகணும். நடக்கறப்ப ரெண்டு பேரும் முனைய கட்டவிரலால மூடிக்கணும், கீழ போறவங்க முனைய நல்லா தூக்கிப் புடிக்கணும், இல்லன்னா தண்ணி பூரா அந்தப் பக்கமா கொட்டிடும். நின்ன பிறகு ரெண்டு விரலையும் எடுக்கணும், ஒண்ணு மூடியிருந்தாலும் மட்டம் பொய்யாத்தான் காட்டும். வழில கொஞ்சம் தண்ணி சிந்தினா பயப்பட வேணாம், மேல நிக்கறவர் முனைய ஏத்தி இறக்கி தண்ணிய திரும்ப அந்த கோட்டுக்கே கொண்டு வந்தா போதும். தண்ணி ஆடி அடங்கினதும் கீழ குச்சில கோடு போட்டு, அதுல இருந்து தரைக்கு அளங்க. 5 அடி வந்தா அந்த மூலை 4 அடி பள்ளத்துல இருக்குன்னு அர்த்தம். நாலு மூலைக்கும் இப்படியே.

2. இப்ப பிளான திருப்புங்க

24க்கு 18 அடி வீடுன்னு வச்சுக்கோங்க. 24 அடி பக்கத்த சரிவு இறங்கற திசைல வச்சா 4 அடி இறக்கம், அதே வீட்ட திருப்பி 18 அடிய சரிவு பக்கம் வச்சா 3 அடிதான் இறக்கம். கீழ்ப்பக்கம் பேஸ்மட்டத்துல ஒரு அடி உயரம் குறையுது, அவ்வளவு கருங்கல், அவ்வளவு மண் நிரப்பற வேலை, அவ்வளவு கூலி மிச்சம், மண்ண வெட்டறதும் கொறையும். வியூ அழகா வருதுன்னு வீட்ட சரிவுக்கு நேரா நீட்டி வைக்கறத விட, சரிவுக்கு குறுக்கே படுக்க வச்சு ஜன்னல பெருசாக்கறதுதான் என் கருத்துல நல்ல டிசைன்.

3. நீளத்த மட்டமா அளக்கறது

டேப்ப தரையோட தரையா போட்டு 24 அடி அளந்தா, 4 அடி இறங்கற சரிவுல நெசமா கெடைக்கறது 23 அடி 8 இன்ச்தான். 4 இன்ச் போச்சு, தூண் கம்பியெல்லாம் இடம் மாறிடும். அதனால மேல இருந்து கீழ, படி படியா அளக்கணும். டேப்போட பூஜ்யம் மேல் முளைல, மறுமுனைய மட்டமா தூக்கிப் புடிச்சு, 8 அடில தூக்குகுண்டு விட்டு தரைல முளை அடிங்க, அங்க இருந்து அடுத்த 8. டேப்ப விறைப்பா இழுங்க, நடுவுல தொங்கக்கூடாது.

4. மூலை

3, 4, 5 கணக்குதான்: ஒரு பக்கம் 3, அடுத்த பக்கம் 4, குறுக்களவு (மூலைக்கு மூலை) 5 வந்தா மூலை செங்கோணம். சின்னதா 3 அடி 4 அடில பாக்காம முழு நீளத்துலயே பாருங்க, 18, 24க்கு குறுக்களவு சரியா 30 அடி வரணும்.

முளைய மூலைல மட்டும் அடிச்சு விட்றாதீங்க, வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டறப்ப போயிடும். நூல நீட்டி 3, 4 அடி தள்ளி வெளியயும் அடிங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒரு தம்பி ரெண்டு குறுக்களவும் சமமா வந்துச்சு, ஆனா ரூம் கோணலா இருக்குன்னு கேட்டிருந்தாரு. எதிரெதிர் பக்கம் சமமான்னு பாருங்க தம்பி, ஒரு பக்கம் 24, எதிர்ப்பக்கம் 23½ன்னா கூட குறுக்களவு ரெண்டும் சமமா வரலாம். பக்கங்கள மொதல்ல சரி பண்ணிட்டுதான் குறுக்க பாக்கணும்.

இன்னொரு அப்டேட்: குறுக்களவ சரிவுல எப்படி அளக்கறதுன்னு நெறைய பேர் கேட்டீங்க, அதையும் தரைல அளக்கக்கூடாது. நாலு சவுக்குக் குச்சிலயும் டியூப் லெவல் காட்டின அதே கோட்டுல நூல் கட்டுங்க, நாலு பக்கமும் நூல் மட்டமா நிக்கும், டேப்ப அந்த உயரத்துலயே மூலைக்கு மூலை புடிங்க. கீழ்ப்பக்க குச்சி உயரமா இருக்கறதால நூல் இழுவைல சாயும், ரெண்டு பக்கம் முட்டு குடுத்துட்டு அப்பறம் கட்டுங்க. குறுக்களவு 30க்கு வந்ததும் நூல்ல இருந்து தூக்குகுண்டு விட்டு தரைல புள்ளி வச்சு, அந்தப் புள்ளிகள சேத்து சுண்ணாம்பு தூவினா வானம் தோண்ட ஆள் இறக்கலாம்.