எழுத்தாளர் வேடத்தில் மேடையேறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் நாடகம் பழகிய பலருக்கும் முதல் பள்ளிக்கூடம் கூத்து ஆடும் வட்டக்களரிதான். அங்கே அரசன் களரிக்குள் நுழையும் தன் வரவிலேயே தான் யார் என்பதைப் பாடி ஆடிச் சொல்லிவிடுகிறான். கூத்துக்கு அதுதான் அழகு. ஆனால் அதே பழக்கத்தோடு பாரதியாகவோ புதுமைப்பித்தனாகவோ மேடையேறினால், வாய் திறக்க முன்னமே உடம்பு வரவு சொல்லிவிடும்: கூனிய தோள், வெறித்த பார்வை, கலைந்த தலை. முதல் நிமிடத்திலேயே “இவன் துன்பப்பட்டவன்” என்று சபைக்குத் தெரிந்துவிட்டால், மிச்சம் நாற்பது நிமிடத்துக்கு நடிக்க ஒன்றும் இருக்காது. கரப்புடுப்பின், அதாவது கூத்தில் இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் உடுப்பின், அகலத்துக்குப் பழகிய கைகளும் உடம்பை விட்டு விலகியே நிற்கும். சாதாரண வேட்டி சட்டையில் அது பொய்யாகத் தெரியும். ஒத்திகையின் முதல் வாரமே வேட்டி சட்டையோடு பழகுங்கள்.

எல்லாத் தவறுக்கும் தாய், சாவிலிருந்து பின்னோக்கி நடிப்பது. பாடசாலை மேடைகளில் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளிய கையோடு பாரதி உயிரை விட்டுவிடுவார். நடந்தது அப்படியல்ல. 1921இல் யானையிடம் அடிபட்ட பிறகு அவர் தேறினார், சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குத் திரும்பினார், ஈரோடு வரை போய்ப் பேசினார். அந்தச் செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. நடிகருக்கு இந்த இடைவெளிதான் பொன். அடிபட்டவர் எழுந்து வேலைக்குப் போகும் காட்சியில் இருக்கும் உயிர், யானைக் காட்சியில் இல்லை.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பிரதியின் ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: “இன்றைக்கு இவருக்கு என்ன வேண்டும்?” கட்டுரை அச்சுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும், விளக்குக்கு எண்ணெய் வேண்டும் என்ற அளவில் அது இருக்கட்டும். “மன அமைதி வேண்டும்” என்று எழுதினால் அழித்துவிடுங்கள், அதை நடிக்க முடியாது. புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் நூலாகக் கிடைக்கின்றன. விமர்சனக் கட்டுரைகள் பத்துப் படிப்பதைவிட அந்தக் கடிதங்களில் நாலைச் சத்தமாக வாசிப்பது நடிகருக்குப் பயன்.

வயதையும் பாருங்கள். பாரதி இறக்கும்போது 38, புதுமைப்பித்தன் 42. தலையில் வெள்ளைப் பவுடர் கொட்டிக் கிழவராக்குவது பெரும் பிழை. ஒட்டுமீசையை ஒரே துண்டாக ஒட்டினால் நம் ஊர் வெக்கையில் முதல் நீண்ட வசனத்திலேயே நடுவில் கிளம்பும். இரண்டு துண்டாக வெட்டி, வியர்வையைத் துடைத்துவிட்டு, பசை கொஞ்சம் பிசுபிசுக்கும் வரை பொறுத்து ஒட்டுங்கள்.

எழுதும் காட்சியில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். தாளைக் கசக்கி எறிவது, பேனாவைக் கடிப்பது, கூரையைப் பார்ப்பது. காசில்லாத மனிதர் தாளைக் கசக்கி எறியமாட்டார், மறுபக்கத்திலும் எழுதுவார். பாரதியின் கையில் போல்பொயின்ட் பேனா கொடுப்பதும் நடக்கிறது. கட்டைப் பேனாவும் மைக்கூடும் வையுங்கள். நிப்பின் நடுத்துளை வரைக்கும் தோய்க்க வேண்டும், கூட்டின் விளிம்பில் ஒருமுறை வழிக்க வேண்டும். ஒரு தோய்ப்புக்குச் சில சொற்கள்தான் வரும், பிறகு கை தானாக மைக்கூட்டுக்குப் போகும். சிந்தனை ஓட, கை நின்று தோய்க்க, மறுபடி ஓட, அந்தத் தாளமே காட்சியைத் தாங்கும். மை வேட்டியில் பட்டால் போகாது. மைக்குப் பதில் கடும் வெறுந்தேத்தண்ணியை (பால் விடாத தேநீரை) ஆறவிட்டுக் கூட்டில் ஊற்றுங்கள், தாளிலும் கோடு விழும். சும்மா கிறுக்காமல் அந்த எழுத்தாளரின் வரியையே எழுதுங்கள். கிறுக்கும் தோளும் எழுதும் தோளும் ஒன்றுபோல் அசையாது.

அடுத்தது இருமல். புனேயில் சினிமா வேலையாக இருந்தபோது நோய் முற்றி, 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார் புதுமைப்பித்தன். அதற்காக ஒவ்வொரு வசனத்துக்கும் இருமி, சிவப்புக் கைலேஞ்சியை விரித்துக் காட்ட வேண்டியதில்லை. நாற்பது நிமிட நாடகத்தில் மூன்று இடம் போதும்; நெறியாளரோடு உட்கார்ந்து பிரதியில் குறித்துவிடுங்கள். நோயாளி இருமலைக் காட்டுவதில்லை, அடக்கப் பார்ப்பார், அதிலும் மனைவி பக்கத்தில் நின்றால். தொண்டையால் இருமினால் உங்கள் குரல்தான் போகும். அடிவயிற்றை இறுக்கிக் காற்றை மட்டும் சிறு வெடிப்பாக விடுங்கள். இருமலை விடப் பெரிய அடையாளம் மூச்சு: நீண்ட வசனத்தை மூன்று நாலு சொல்லாக உடைத்துச் சொன்னால் நெஞ்சின் நிலை சபைக்குப் புரியும். குடிவெறிக் காட்சி பிரதியில் இருந்தாலும் இதே விதிதான்: தள்ளாடுவதை நடிக்காதீர்கள், நேராக நிற்க முயல்வதை நடியுங்கள்.

பேச்சில் இரண்டு பக்கமும் பள்ளம். திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தனை நடிக்கிறோம் என்று சினிமாவில் கேட்ட “ஏலே”யை எல்லா இடமும் தூவுவது ஒன்று. அசந்த நேரத்தில் நம் மட்டக்களப்புப் பேச்சின் “மறுகா” வாயில் வந்துவிடுவது மற்றது. அவர் கதைகளில் பாத்திரங்கள் பேசும் பகுதியைத் தினமும் கால் மணித்தியாலம் வாய்விட்டு வாசியுங்கள். அது கைவராவிட்டால் பொதுப் பேச்சுத் தமிழில் நில்லுங்கள், அரைகுறை வட்டார வழக்கு வேண்டாம்.

நம் நிலத்துக் கவிகளை நடிக்கும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது. சிவரமணி 1991இல் யாழ்ப்பாணத்தில் தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன்னுயிரை மாய்த்தார். மிஞ்சிய 22 கவிதைகள் சித்திரலேகா மௌனகுருவின் பதிப்பில் நூலாயின. எரிந்ததைக் காட்டத் துடிக்கும் நாடகம், மிஞ்சிய 22ஐ மறந்துவிடும். இறந்த விதத்தை மேடையில் செய்துகாட்ட வேண்டாம், பின்னணிப் பாட்டால் அழகுபடுத்தவும் வேண்டாம்; சபையில் அதே நிலையில் ஒருவர் இருக்கலாம். சாவைத் தகவலாக ஒரு வரியில் சொல்லிவிட்டு, கவிதையை முழுதாகச் சொல்லுங்கள். உறவினர் இருந்தால் பிரதியை முன்கூட்டியே அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் நீக்கச் சொல்லும் வீட்டு விடயத்தை வாதாடாமல் நீக்குங்கள்.

கடைசியாக, பாத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது. கூத்தில் சதங்கையைக் கழற்றினால் ஆட்டம் முடிந்தது என்று காலுக்குத் தெரியும். இந்த வகை நாடகத்தில் அப்படி ஒரு முடிவை நீங்களாக வைக்க வேண்டும்: உடுப்பை மாற்றி, முகம் கழுவி, கூட நடித்தவர் உங்களைச் சொந்தப் பெயரால் அழைத்த பிறகே மண்டபத்தை விட்டு வெளியேறுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், நடிப்பை நிறுத்திவிட்டு நெறியாளரிடம் சொல்லுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. அதை ஒத்திகை அட்டவணையின் மேல் வரியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.