ஆங்கில ஆசிரியருக்கு விருதுப் பரிந்துரை: எதைப் பார்ப்பது, எப்படி எழுதுவது

சாத்தூர்ப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தபோதே ஆசிரியர் விருதுக்கான பரிந்துரைகளை எழுதத் தொடங்கினேன். இப்போதும் சுற்று வட்டாரப் பள்ளிகளிலிருந்து யாராவது ஒரு கோப்பைக் கொண்டுவந்து, "டீச்சர், கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்பார்கள். அப்படி வரும் கோப்புகளில் ஆங்கில ஆசிரியர்களுடையதுதான் பெரும்பாலும் மெலிந்திருக்கும். அறிவியல் ஆசிரியருக்குக் கண்காட்சிப் பரிசு இருக்கும், உடற்கல்வி ஆசிரியருக்குக் கோப்பைகள் இருக்கும். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத ஒரு பிள்ளையை அந்த மொழியில் நாலு வாக்கியம் சொந்தமாகப் பேச வைத்தவருக்கு அலமாரியில் வைக்க ஒன்றும் இருக்காது. அந்த வேலையைப் பார்த்து, சாட்சி சேர்த்து, எழுதிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். தலைமை ஆசிரியர், உடன் பணியாற்றுபவர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், பழைய மாணவர் என்று யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம்.

முதலில் தேர்ச்சி விழுக்காட்டை ஓரமாக வையுங்கள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு 35 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. மனப்பாடப் பாடல், கடித மாதிரி, மெல்லக் கற்போர் கையேட்டில் உள்ள குறிப்பிட்ட வினாக்கள் என்று இரவு வகுப்பு வைத்துத் திரும்பத் திரும்ப எழுத வைத்தால் அந்த 35 வந்துவிடும். அது சாதாரண உழைப்பில்லை, அதையும் மதிக்கிறேன். ஆனால் சென்டம் ரிசல்ட் காட்டிய வகுப்பில் ஒரு பிள்ளையிடம் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் தலை குனிந்து நிற்பதையும், 80 விழுக்காடு மட்டுமே காட்டிய வகுப்பில் பிள்ளைகள் தப்பும் தவறுமாக ஓடிவந்து பதில் சொல்வதையும் கண்டிருக்கிறேன். நான் பரிந்துரைப்பது இரண்டாவது ஆசிரியரை.

ஆகவே நோட்டைப் பாருங்கள். எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ, கட்டுரை நோட்டு பத்து எடுத்து வரிசையாக விரித்து வையுங்கள். பத்திலும் அதே பத்தி, அதே வார்த்தை, ஒரு பிழைகூட இல்லை என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. பத்தும் பத்து விதமாகப் பிழைகளோடு இருந்தால் அங்கே உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகும் குடும்பங்கள் அதிகம். ஒரு பெண் தன் வீட்டைப் பற்றி, "மை மதர் இஸ் பேஸ்டிங் லேபிள். நைட் ஆல்சோ பேஸ்டிங்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அந்த வரியை அடித்துத் திருத்தவில்லை. ஓரத்தில், "ஹவ் மெனி பாக்ஸஸ் இன் ஒன் நைட்?" என்று கேட்டிருந்தார். கீழே பிள்ளை பதில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி, இன்னொரு பதில். நாலு வாரத்தில் அந்தப் பக்கத்தின் ஓரம் நிறைந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் அடிக்கோடிடுவது அந்த ஆசிரியையின் வழக்கம். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் மற்றவற்றைத் தொடமாட்டார். சிவப்பு மையைக் கண்டு பயப்படாமல் அந்தப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நீங்கள் தேடுவது இந்த மாதிரிப் பக்கத்தைத்தான். கண்டவுடன் ஆசிரியர், மாணவி, பெற்றோர் மூவரிடமும் கேட்டுக்கொண்டு நகல் எடுத்து வையுங்கள்.

அடுத்து வகுப்புக்குள் போங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. ஆனால் ஒரு நாள் மட்டும் போய்விட்டு வந்து முடிவுக்கு வராதீர்கள். கடைசி பெஞ்சில் உட்காருங்கள். வகுப்பில் யார் குரல் அதிகம் கேட்கிறது என்று கவனியுங்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? ஒரு பிள்ளை தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் வார்த்தை தேடி, வாய் திறக்க நேரமாகும். அதுவரை பொறுக்கத் தெரிந்தவர் அபூர்வம். பதிலை அவரே சொல்லி முடித்துவிடுபவர் நல்லவராக இருக்கலாம், சிறந்த ஆங்கில ஆசிரியர் என்று எழுத எனக்குக் கை வராது.

வகுப்பில் தமிழ் கேட்பதைக் குறையாக எழுதிவிடாதீர்கள். ஒரு சொல்லின் பொருள் பிடிபடாதபோது தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டு உடனே ஆங்கிலத்துக்குத் திரும்புவது தேர்ந்த கை செய்யும் வேலை. தமிழில் பேசினால் அபராதம் என்று வைத்திருக்கும் வகுப்பை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பிள்ளைகள் இரண்டு மொழியிலும் வாய் மூடிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் கேட்டு அறியுங்கள்: ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத பிள்ளைகளை இவர் என்ன செய்தார்? சிறந்தவரையும் சராசரியானவரையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விதான். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பட்டாசுப் பெட்டி அட்டைகள், பிஸ்கட் உறைகள், சோப்பு உறைகள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் சேர்த்து வைத்திருந்தார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் வேப்பமரத்தடியில் அதுதான் வாசிப்புப் பாடம். அம்மா ஒட்டுகிற அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டச் சொல்வார். பிள்ளைக்கு அதில் ஒரு பெருமை, தாய்க்கும் பெருமை.

தொடக்கப் பள்ளியை மறந்துவிடாதீர்கள். 2022 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தமிழ், கணக்கோடு ஆங்கிலமும் உண்டு. அங்கே எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பிடிக்க வைக்கும் இடைநிலை ஆசிரியரை யாரும் ஆங்கில ஆசிரியர் என்றே நினைப்பதில்லை. மேலே வருகிற பட்டதாரி ஆசிரியரின் பெயர் எடுபடுவதற்கு அடித்தளம் போட்டவர் அவர். உங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் எந்தத் தொடக்கப் பள்ளியிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு வருடம் குறித்து வைத்துப் பாருங்கள். பரிந்துரைக்க வேண்டிய பெயர் தானாகக் கிடைக்கும்.

சாட்சி சேர்ப்பதை ஜூனிலேயே தொடங்குங்கள். ஒரே பிள்ளை ஜூனில் எழுதிய பக்கம், பிப்ரவரியில் எழுதிய பக்கம், இரண்டையும் அருகருகே வைத்தால் நீங்கள் ஒரு வரி விளக்கம்கூட எழுத வேண்டாம். பேச்சுக்கும் அப்படியே: செல்போனில் இரண்டு நிமிடம் பதிவு, வருடத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. நன்றாகப் பேசும் பிள்ளையை மட்டும் பதிவு செய்தால் கோப்பைப் படிக்கிற தேர்வுக் குழுவினர் கண்டுகொள்வார்கள். வருகைப் பதிவேட்டில் ஐந்தாவது, பதினைந்தாவது, இருபத்தைந்தாவது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முகமோ குரலோ வெளியே போகுமென்றால் பெற்றோரின் சம்மதம் கையெழுத்தாக இருக்கட்டும். நூலகப் பதிவேட்டில் ஆங்கிலப் புத்தகம் எடுத்த பக்கம், சுற்றுப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் இவர் சொன்ன முறையைப் பக்கத்துப் பள்ளியில் யாராவது பின்பற்றினால் அவரிடமிருந்து நாலு வரி, இவையும் சேரலாம். பொன்னாடை போர்த்திய புகைப்படங்கள் வேண்டாம். கோப்பில் அவை கனம் கூட்டும், பலம் கூட்டாது.

இனி கடிதம். "இவர் அர்ப்பணிப்பு உணர்வுடன் சிறப்பாகப் பணியாற்றி, மாணவர்களின் ஆங்கிலத் திறனை மேம்படுத்தி வருகிறார்" என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கோப்பிலும் இருக்கிறது. எந்தப் பெயருக்குக் கீழேயும் பொருந்துகிற வரி எந்தப் பெயரையும் உயர்த்தாது. அதை எடுத்துவிட்டு, பிள்ளைகளால் போன ஜூனில் எது முடியவில்லை, இப்போது எது முடிகிறது, நடுவில் ஆசிரியர் என்ன செய்தார் என்ற வரிசையில் எழுதுங்கள். ஒரு மாதிரி தருகிறேன், எண்களை உங்கள் பள்ளிக்கு ஏற்ப நீங்கள் நிரப்பிக்கொள்ள வேண்டும்:

"ஜூன் மாதம் ஏழாம் வகுப்பில் 28 பேரில் 11 பேரால் ஓர் ஆங்கிலப் பத்தியைச் சத்தமாக வாசிக்க இயலவில்லை. ஆசிரியர் இவர்களை மூவர் மூவராகப் பிரித்து, மதிய இடைவேளையில் பொருள்களின் உறைகளில் உள்ள ஆங்கிலத்தை வாசிக்கப் பழக்கினார். வாரம் ஒரு நாள் ஒவ்வொருவரும் தம் வீட்டைப் பற்றி ஐந்து வரி எழுதினர். ஆசிரியர் அதற்குக் கேள்வியாகவே பதில் எழுதினார். பிப்ரவரியில் 11 பேரில் 8 பேர் தாங்களே எழுதிய பத்தியை வாசித்தனர். மற்ற மூவருக்குப் பயிற்சி தொடர்கிறது. இணைப்பு 1 முதல் 4 வரை காண்க."

அந்த மூவரையும் எழுதச் சொல்வது காரணத்தோடுதான். எல்லாரும் தேறிவிட்டார்கள் என்ற கடிதத்தை நான் இரண்டு தடவை சந்தேகத்தோடு படிப்பேன்; மூவர் பாக்கி என்று எழுதியவரை உடனே நம்புவேன். கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பயிற்சிச் சான்றிதழ்களின் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

எங்கே அனுப்புவது? மாநில அரசு ஆசிரியர் தினத்தை ஒட்டி டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது தருகிறது. 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். அதற்கான கோப்பு மாவட்டத் தேர்வுக் குழு வழியாக மேலே போகும். முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்த பிறகு அவகாசம் மிகக் குறைவாகவே இருக்கும். அதனால்தான் ஜூனிலேயே தொடங்கச் சொன்னேன். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசிய நல்லாசிரியர் விருது 1958இல் தொடங்கியது. 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். 2018 முதல் அதற்கு ஆசிரியரே இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசிய நடுவர் குழு என்று மூன்று படிகள். ஆவணங்களோடு புகைப்படம், ஒலி, காணொலி எல்லாம் பதிவேற்றலாம் என்பதால் நீங்கள் சேர்த்த நோட்டுப் பக்கங்களும் குரல் பதிவுகளும் அங்கே நேராகப் பயன்படும். தனிப்பயிற்சி நடத்துபவர்களும் ஒப்பந்த ஆசிரியர்களும் அதற்குத் தகுதி பெறமாட்டார்கள். மற்ற நிபந்தனைகளை அந்த ஆண்டின் வழிகாட்டுதலில் வரி விடாமல் படித்துக்கொள்ளுங்கள்.

தானே விண்ணப்பிப்பது என்றதும் நல்ல ஆசிரியர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். "எனக்கு நானே கேக்குறதா?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் வாயால் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். சாதனை என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். போன வருடம் எந்தப் பிள்ளை உங்களை ரொம்பச் சிரமப்படுத்தியது என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். விண்ணப்பத்துக்கு வேண்டியது முழுக்க அந்தப் பேச்சில் இருக்கும்.

அரசு விருதுகள் எல்லாருக்கும் எட்டாது. தொகுப்பூதியத்தில் வந்து ஒரு வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டுப் போகும் தற்காலிக ஆசிரியருக்கு எந்த விருதிலும் இடமில்லை. அவர்களுக்குப் பள்ளி அளவில் செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, அவர் செய்ததை மேலே சொன்ன முறையில் எழுதி, பள்ளி முத்திரையோடு கொடுத்தால் அடுத்த நேர்காணலுக்கு அதை எடுத்துக்கொண்டு போவார். பொன்னாடைக்கு ஆகும் பணத்துக்கு வகுப்பறை நூலகத்துக்கு எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வாங்கி, முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள். பிள்ளைகளிடம் வசூல் மட்டும் கூடவே கூடாது.

நிரந்தரப் பணியில் இருப்பவருக்குத் தொழில் சார்ந்த மரியாதை செய்யலாம். இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம், எல்ட்டாய் என்று சொல்வார்கள், 1974இல் சென்னையில் தொடங்கியது. ஆண்டு மாநாடு நடத்துகிறது, ஆங்கிலம் கற்பித்தலுக்கென்று ஓர் ஆய்விதழும் வெளியிடுகிறது. உறுப்பினர் கட்டணத்தையும் மாநாட்டுக்குப் போய்வரும் செலவையும் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டு, "நீங்க செஞ்சதை அங்க போய்ச் சொல்லுங்க டீச்சர்" என்றால், தன் வேலை புரிந்தவர்கள் நடுவில் அவர் நிற்பார். பெங்களூரில் 1963 முதல் இயங்கும் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தின் பயிற்சிக்கு ஆள் கேட்டு வரும்போது, யாரை விடுவித்தால் வசதி என்று பார்க்காமல் இவர் பெயரை அனுப்புவது தலைமை ஆசிரியர் கையில் இருக்கும் பெரிய பாராட்டு. எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவது போன்ற ஒரு வேலையை அவரிடமிருந்து எடுத்து, அந்த நேரத்தை வாசிப்பு வகுப்புக்கு விட்டுக்கொடுப்பதும் அப்படித்தான்.

விழா எடுத்தால் சுருக்கமாக எடுங்கள். மேடையில் பெரியவர்கள் பேசுவதைக் குறைத்து, அவரிடம் படித்த இரண்டு பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேச விடுங்கள். எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். தடுமாறட்டும், நிற்கட்டும், வார்த்தை கிடைத்ததும் தொடரட்டும். கீழே உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் தங்கள் பிள்ளை பயமில்லாமல் பேசுவது புரியும். ஆசிரியருக்கு அதைவிட என்ன வேண்டும்?

கடிதத்தில் மூன்று நகல் எடுங்கள்: ஒன்று ஆசிரியருக்கு, ஒன்று பள்ளிக் கோப்புக்கு, ஒன்று உங்களுக்கு. விருது அந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் புதிய பக்கங்களைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். இடையில் மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால், புதிய பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு உங்கள் நகலை ஒரு முகப்புக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.