கான்கிரீட்டுக்குள் ஊமையான டேக்குகள்: என் அனுபவம்

முன்வார்ப்புச் சுவர்ப் பலகைகளுக்குள் (முன்கூட்டியே அச்சில் வார்த்தெடுக்கும் கான்கிரீட் பலகைகள்) பதிக்கும் ஆர்எஃப்ஐடி டேக்குகள், அதாவது ரேடியோ அலை வழியே அடையாள எண்ணைச் சொல்லும் சிறு வில்லைகள், அச்சில் இருக்கும்வரை அவற்றைப் படிக்கும் ரீடர் கருவிக்கு ஓரளவு பதில் தந்தன. கான்கிரீட் ஊற்றிய மறுநாள் ஒன்றுகூடப் பதில் தரவில்லை.

ரீடரை மாற்றினோம், அதன் சக்தியை உச்சத்துக்கு ஏற்றினோம், மென்பொருளை மீண்டும் நிறுவினோம். ஐந்து நாட்கள் வீண்.

அடுக்கின் வெயில் பக்கம் மூன்று வாரமாகக் காய்ந்த சில பலகைகள் மட்டும் பதில் தந்ததைத் தற்செயலாகக் கவனித்தேன். அவற்றின்மேல் நீர் தெளித்துப் பார்த்தேன், மறுபடியும் மௌனம். இந்தியாவில் இந்த டேக்குகள் இயங்கும் 865–868 மெகாஹெர்ட்ஸ் அலையை ஈரம் விழுங்கிவிடுகிறது. பச்சைக் கான்கிரீட்டில் ஈரத்துக்குக் குறைவேது?

ஆனால் நன்கு காய்ந்த பலகைகளிலும் பல பேசவில்லை. வார்ப்புக்கு முன் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது: டேக்கை முறுக்குக் கம்பியோடு ஒட்டவைத்து, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இரும்பு ஒட்டினால் ஆன்டெனாவின் அதிர்வெண்ணே விலகிப்போகும்.

இப்போது டேக்கைப் பிளாஸ்டிக் கவர் பிளாக்கின்மேல் (கம்பி அச்சில் ஒட்டாமல் இடைவெளி தரும் சிறு கட்டை), கம்பியிலிருந்து 3 செ.மீ. தள்ளி, நைலான் பட்டையால் கட்டுகிறோம். பலகையின் வெளிமுகத்துக்கு அருகிலேயே வைக்கிறோம். நீராற்றுதல் (கான்கிரீட் வலுப்பெற ஈரமாக வைத்திருப்பது) முடிந்து காய்ந்த பிறகே ரீடரை எடுக்கிறோம். புதிய பலகைகள் அனைத்தும் பதில் தருகின்றன. பழையவற்றுக்கு வெளியே வேறு டேக் ஒட்டிவிட்டோம். அப்பாடா!