ஒரு பிடி பயறு, ஒரு கட்டு கீரை: குறைந்த செலவில் சத்தான சாப்பாடு

கையில் காசு குறையும்போது தட்டில் முதலில் குறைவது பருப்பும் காயும்தான். சோறு மட்டும் கூடிக்கொண்டே போகும். வயிறு நிறையும், ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கே உடம்பு தளர்ந்துவிடும். சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருந்த நாட்களில் நானும் ரசம் சோற்றிலேயே மாதங்களை ஓட்டியிருக்கிறேன். அதை மாற்றியது தினமும் ஒரு பிடி பயறு.

1. ரேஷனை விடாதீர்கள்

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அட்டை இருந்தும் பருப்பு வாங்காமல் விடுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. இதில் மிச்சமாகும் பணத்தைப் பச்சைப்பயறு, வேர்க்கடலை, முட்டை மூன்றுக்கும் ஒதுக்குங்கள்.

2. ஒரு நாள் கணக்கு

55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 45 கிராம் புரதம் வேண்டும். 250 கிராம் அரிசியில் ஏறக்குறைய 17 கிராம் கிடைக்கும். 50 கிராம் பயறில் 12, 30 கிராம் துவரம்பருப்பில் 6, 30 கிராம் வேர்க்கடலையில் 7, ஒரு முட்டையில் 6. கூட்டிப் பாருங்கள், 48 வருகிறது. பாதாமும் வேண்டாம், டப்பா பவுடரும் வேண்டாம். அரிசிப் புரதத்தில் உள்ள குறையைப் பயறும், பயறில் உள்ள குறையை அரிசியும் ஈடுகட்டும். அதனால் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

3. இரவே ஊறப் போடுங்கள்

பயறை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, மூழ்கும் அளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் அப்படியே சமைக்கலாம். முளைகட்ட வேண்டுமென்றால் தண்ணீரை வடித்து, ஈரமான பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் காலையும் மாலையும் ஒருமுறை அலசிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுத்து நாற்றம் வரும். நாற்றம் வந்ததைக் கொட்டிவிடுங்கள். முளைவிட்ட பயறைப் பச்சையாகச் சாப்பிடாமல் நன்றாக ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவது நல்லது.

4. முருங்கைக்கீரைப் பயறு

ஒருவருக்கு இரண்டு வேளைக்கான அளவு இது.

ஊறிய பயறு (ஊறுவதற்கு முன் 50 கிராம்), ஆறேழு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு பச்சைமிளகாய், சிட்டிகை மஞ்சள்தூள். பயறுக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்கும்படி தண்ணீர் விட்டு, குக்கரில் மூன்று விசில். ஆவி அடங்கியதும் திறந்து கரண்டியால் லேசாக மசியுங்கள். உருவிக் கழுவிய முருங்கை இலை இரண்டு பிடியும் உப்பும் போட்டு, மூடாமல் நாலைந்து நிமிடம் கொதிக்கட்டும். மூடி வைத்தால் கீரையின் பச்சை நிறம் மங்கிவிடும். கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள்.

அடுப்பை அணைத்த பிறகுதான் அரை மூடி எலுமிச்சை பிழிய வேண்டும். இது ருசிக்காக மட்டும் இல்லை. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து தானாக உடம்பில் அவ்வளவு சேராது. எலுமிச்சையின் வைட்டமின் சி அதைச் சேர வைக்கும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் அந்த வைட்டமின் குறைந்துபோகும்.

முருங்கை கிடைக்கவில்லையா? சிறுகீரை, அரைக்கீரை எதுவானாலும் சரி. சாயங்காலத்தில் தள்ளுவண்டியில் கேட்டுப் பாருங்கள், மீந்த கட்டை விலை குறைத்தே கொடுப்பார்கள்.

5. டீயைத் தள்ளிப் போடுங்கள்

சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், அந்த இரும்புச்சத்து சேராமல் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும். அந்த டீயோடு வடைக்குப் பதில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை.

அப்புறம், ஒரே பயறு நாலாம் நாள் அலுக்கும். தட்டைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை என்று மாற்றிக்கொள்ளுங்கள். கொள்ளுக்கும் கடலைக்கும் ஐந்தாறு விசில் விடுங்கள்.