பிரெக்ஸிட்டின் வணிக விளைவை ஒரு சரக்கைப் பின்தொடர்ந்து கணக்கிடுவது எப்படி?

ஒரு நாடு பெரிய பொருளாதாரக் கூட்டமைப்பை விட்டு விலகினால் அதன் வணிகம் என்ன ஆகும் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், கிடைக்கும் பதில் பெரும்பாலும் கட்சிச் சண்டையாகவே இருக்கும். ஏதேனும் ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு, அது தொழிற்சாலையிலிருந்து கடைக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் புதிதாக நிறுத்தப்படுகிறது, நிறுத்தியவர் என்ன கேட்கிறார், அதற்கு யார் பணம் கொடுக்கிறார் என்று எழுதிக்கொண்டே போனால் விளைவு தானாகத் தெரியவரும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட் நிகழ்வைக் கொண்டு இந்த முறையை இங்கே விளக்குகிறேன். வணிகவியல் மாணவருக்கும், அந்தச் சந்தைகளுக்குச் சரக்கு அனுப்பும் சிறு ஏற்றுமதியாளருக்கும் இது பயன்படும்.

முதலில் தேதிகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூன் 23 அன்று. சட்டப்படி விலகியது 2020 ஜனவரி 31 அன்று. ஆனால் இடைமாற்றக் காலம் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீடித்ததால், எல்லையில் விதிகள் உண்மையில் மாறியது 2021 ஜனவரி 1 அன்றுதான். வாக்கெடுப்பு முடிந்த உடனே நிகழ்ந்தது பவுண்டின் வீழ்ச்சி. 1985க்குப் பிறகு காணாத அளவுக்கு அது டாலருக்கு எதிராகச் சரிந்தது. அது நாணயத்தின் விளைவே தவிர எல்லையின் விளைவு அல்ல. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் பின்னால் வரும் எல்லாமே பிசகும்.

அடுத்ததாக, அந்த நாடு எதிலிருந்து விலகியது என்பதைக் கேட்க வேண்டும். ஒன்றியத்துக்குள் சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை என்று இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. சுங்க ஒன்றியம் என்பது உள்ளே வரி இல்லாமல், வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரி விதிப்பது. ஒற்றைச் சந்தை என்பது தரவிதிகளையும் உரிமங்களையும் பொதுவாக்கி, ஒரு நாட்டில் விற்கத் தகுதியான பொருளை மற்ற நாடுகளிலும் தடையின்றி விற்கவிடுவது. நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கி தொழிற்பொருள்களுக்குச் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. பிரிட்டன் இரண்டையும் விட்டது. துருக்கிக்கும் பல்கேரியாவுக்கும் இடையிலான கபிகுலே எல்லைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பற்றிப் படித்தவர்கள், பிரிட்டனின் டோவர் துறைமுகத்தில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியும்.

இனிச் சரக்குக்கு வருவோம். அதன் எச்.எஸ். குறியீட்டை, அதாவது சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்தும் உலகப் பொது எண்ணைக் கண்டுபிடித்து, பிரிட்டனின் வரி அட்டவணையிலும் ஒன்றியத்தின் வரி அட்டவணையிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். 2020 டிசம்பர் 24 அன்று எட்டப்பட்ட வணிக, ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின்படி இரு தரப்புக்கும் இடையே வரியும் இல்லை, ஒதுக்கீட்டு வரம்பும் இல்லை என்று செய்திகள் சொன்னதை நம்பிப் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஆனால் பிரிட்டனில் அல்லது ஒன்றியத்தில் உருவான சரக்குக்குத்தான் அந்தச் சலுகை. உருவானது என்று யார், எதைக் காட்டி நிரூபிப்பது என்பதைத்தான் மூலநாட்டு விதிகள் சொல்கின்றன. என் பார்வையில் பிரெக்ஸிட்டின் வணிகக் கதையில் பாதி இந்த விதிகளுக்குள்தான் இருக்கிறது.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் விற்கும் ‘பெர்ஸி பிக்’ என்ற பன்றிமுக மிட்டாய் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. ஜெர்மனியில் தயாராகி, பிரிட்டனுக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போன மிட்டாய் அது. ஒன்றியத்தில் பிறந்து ஒன்றியத்துக்கே திரும்பும் பொருளானாலும், நடுவில் பிரிட்டனில் எந்த உற்பத்தி வேலையும் நடக்காததால் அது பிரிட்டன் சரக்காகாது. எனவே அயர்லாந்தில் வரி கட்ட நேரலாம் என்று 2021 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி வெளிப்படையாகவே சொன்னார்.

இதே விதி திருப்பூர் பனியனையும் பிடிக்கும். முன்பு ஒரு பையர் (வாங்குபவர்) இங்கிலாந்தில் ஒரே கிடங்கை வைத்துக்கொண்டு லண்டனுக்கும் அயர்லாந்தின் டப்ளினுக்கும் சரக்கைப் பிரித்து அனுப்பலாம், வரி ஒருமுறைதான். இப்போது 10,000 பவுண்டு மதிப்புள்ள பருத்தி டி-சர்ட் பிரிட்டனில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு அங்கிருந்த 9.6% சலுகை வீதத்தில் 960 பவுண்டு வரி. அதே சரக்கை டப்ளினுக்குத் திருப்பினால், அது இந்தியச் சரக்காகவே கருதப்படும் என்பதால், ஒன்றியத்தின் பொது வீதமான 12% கணக்கில் மேலும் 1,200 பவுண்டு. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தம் முதல் வரியை நீக்குவதற்கானது. இரண்டாவதை அது தொடாது. ஆகவே ஆர்டர் வாங்கும்போதே, சரக்கு கடைசியில் எந்த நாட்டுக் கடைக்குப் போகிறது என்று பையரிடம் கேட்டு, ஒன்றியத்துக்கான பங்கை நேரே ஒன்றியத் துறைமுகங்களான ராட்டர்டாமுக்கோ ஆன்ட்வெர்ப்புக்கோ அனுப்புவது நல்லது. அது முடியாவிட்டால், வரி கட்டாமல் சரக்கை வைத்திருக்க உதவும் சுங்கக் கண்காணிப்புக் கிடங்கு பையரிடம் உள்ளதா என்று கேட்க வேண்டும். ‘டி.டி.பி.’ முறையில் விலை பேசியிருந்தால் இறக்குமதி வரி முழுவதும் விற்பவர் தலையில்தான் விழும் என்பதையும் மறக்கக் கூடாது.

வரிக்குப் பிறகு காகிதச் செலவைக் கணக்கிட வேண்டும். சுங்க அறிவிப்பு, பாதுகாப்பு அறிவிப்பு, மூலநாட்டு உறுதிமொழி, கிளியரிங் ஏஜெண்ட் கட்டணம் ஆகியவற்றில் பெரும்பகுதி சரக்கின் மதிப்போடு ஏறி இறங்குவதில்லை. ஒவ்வொரு அனுப்புகைக்கும் ஒரே அளவாக வருகிறது. முழு கண்டெய்னருக்கு இது சில்லறை; நான்கு பெட்டி பாலாடைக்கட்டிக்கு இது லாபத்தையே விழுங்கும். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் தாக்குப்பிடித்த இடத்தில் சிறிய பிரிட்டன் ஏற்றுமதியாளர்கள் பலர் ஐரோப்பிய வாடிக்கையாளர்களைக் கைவிட்டார்கள். பல வியாபாரிகளின் சரக்கை ஒரே லாரியில் ஏற்றும் முறையில் இன்னொரு தொல்லை உண்டு: ஒருவருடைய தாளில் பிழையிருந்தால் லாரி முழுவதும் நிற்கும்.

உணவுப்பொருளாக இருந்தால் கணக்கு மேலும் கடுமையாகும். இறைச்சி, பால்பொருள், மீன் ஆகியவற்றுக்குக் கால்நடை மருத்துவர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று தேவை. 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் மீன், நண்டு, இறால் வியாபாரிகள் சான்றுக்காகக் காத்திருந்து சரக்கு கெட்டுப்போனதால், லாரிகளை லண்டனுக்கே ஓட்டிவந்து நாடாளுமன்றத்துக்கு அருகே நிறுத்தி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்குக்கோ ஒன்றியத்தின் சந்தையே மூடப்பட்டது. எதிர்த்திசையில் நிலைமை வேறு: ஒன்றியம் முதல் நாளிலிருந்தே சோதித்தது, பிரிட்டன் தன் சோதனைகளைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, சுகாதாரச் சான்றை 2024 ஜனவரியிலும் நேரடிச் சோதனையை அந்த ஆண்டு ஏப்ரல் 30 முதலும்தான் தொடங்கியது. எனவே ஏற்றுமதியையும் இறக்குமதியையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்துக்குத் தனித்தாள் போடுங்கள். அயர்லாந்துத் தீவுக்குள் எல்லைச் சாவடி எழக் கூடாது என்பதற்காக அப்பகுதி சரக்கைப் பொறுத்தவரை ஒன்றியத்தின் பல விதிகளையே பின்பற்றுகிறது. 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரிட்டன்-ஒன்றிய உடன்பாடான விண்ட்சர் ஏற்பாட்டின்படி, அங்கேயே விற்கப்படும் சரக்கு சோதனை குறைந்த பச்சைத் தடத்திலும், அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடியது முழுச் சோதனை உள்ள சிவப்புத் தடத்திலும் செல்லும். சேவைத் துறைக்கு எல்லைச் சாவடி கிடையாது, உரிமம்தான் சாவடி. லண்டன் நிதி நிறுவனங்கள் ஒன்றியம் முழுவதும் செயல்பட உதவிய உரிமம் போனதும், 2021 ஜனவரியிலேயே பங்கு வணிக அளவில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது.

வரவுப் பக்கத்தையும் நேர்மையாக எழுத வேண்டும். தானே ஒப்பந்தம் போடும் உரிமை பிரிட்டனுக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஒப்பந்தங்கள் 2023 மே 31 அன்று நடைமுறைக்கு வந்தன. ஆனால் ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தால் நீண்டகாலத்தில் கிடைக்கும் என்று பிரிட்டன் அரசே மதிப்பிட்ட உயர்வு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.08% மட்டுமே. அருகிலிருக்கும் பெரிய சந்தையின் இழப்பைத் தொலைவிலிருக்கும் சிறிய சந்தை ஈடுகட்டுவது கடினம் என்பதை வணிகப் பொருளியல் வெகுகாலமாகவே சொல்லிவருகிறது.

கடைசியாகப் புள்ளிவிவரம். 2020 டிசம்பரையும் 2021 ஜனவரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் மிகப் பரவலான தவறு. டிசம்பரில் எல்லோரும் சரக்கை முன்கூட்டியே வாங்கிக் குவித்தார்கள், கொரோனாவும் நடுவில் இருந்தது, தரவு திரட்டும் முறையும் மாறியது. போதாததற்கு, ராட்டர்டாம் வழியாக வேறு கண்டத்துக்குப் போகும் சரக்கும் ஒன்றியத்துடனான வணிகமாகப் பதிவாகலாம். பிரிட்டனின் முந்தைய ஆண்டோடு மட்டும் நில்லாமல், அதே காலத்தில் அதைப் போன்ற பிற நாடுகளின் வணிகம் எப்படி நகர்ந்தது என்பதோடு ஒப்பிடுவது நம்பகமான வழி. பிரிட்டனின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், வணிகச் செறிவு (பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்ட வணிகத்தின் அளவு) 15 விழுக்காடும் உற்பத்தித்திறன் 4 விழுக்காடும் குறையும் என்று கணித்தது. இது ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் எட்டியிருக்கும் நிலையோடு ஒப்பிட்ட நீண்டகாலக் குறைவு. ஓராண்டில் நேர்ந்த சரிவு அல்ல.

இப்படித் தயாரித்த தாளை அவ்வப்போது திருத்த வேண்டியிருக்கும். 2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில், உணவு, கால்நடை, தாவர நலச் சோதனைகளைக் குறைக்கும் உடன்பாட்டுக்குப் பேச்சு நடத்த இரு தரப்பும் இசைந்தன. அது நடைமுறைக்கு வரும் நாளில் தாளில் சுகாதாரச் சான்றுக்கான பதிவை அடித்துவிட்டுப் புதிய செலவை எழுதுங்கள். மூலநாட்டு விதிக்கான பதிவை அழிக்க வேண்டாம். பிரிட்டன் சுங்க ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும்வரை டப்ளினுக்குத் திரும்பும் அந்தப் பனியனுக்கு 1,200 பவுண்டு அங்கேயேதான் நிற்கும்.