இங்கிலாந்தில் உயில் தகராறு: பாரிஸ்டரிடம் போவதற்கு முன்னும் பின்னும்

உயிலில் தகராறு என்றதும் எல்லோரும் தேடுவது, நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரான ஒரு நல்ல பாரிஸ்டரைத்தான். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். புரோபேட் (உயிலை ஏற்று, அதன்படி சொத்தை நிர்வகிக்க அளிக்கும் அதிகாரப்பூர்வ அனுமதி) வழங்கியாகிவிட்டதா? இந்த உயில் விழுந்தால் சொத்து யாருக்குப் போகும்? இவை தெரியாமல் போய் உட்கார்ந்தால், காசு கொடுத்து வாங்கிய முதல் ஒரு மணி நேரம் இதைத் துருவிக் கேட்பதிலேயே கரைந்துவிடும். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்துச் சட்டம் வேறு.

உயில் விழுந்தால் யாருக்கு?

கடைசி உயில் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் சொத்து நேராக உங்கள் கைக்கு வந்துவிடாது. அதற்கு முந்தைய உயில் எழுந்து நிற்கும். அது உங்களுக்கு இன்னும் குறைவாகக் கொடுத்திருக்கலாம். முந்தைய உயிலே இல்லையென்றால், உயில் எழுதாமல் இறந்தவருக்கான விதி. 2023 ஜூலை 26 முதல் நிகழ்ந்த மரணங்களுக்கு, பிள்ளைகள் இருந்தாலும் முதல் 3,22,000 பவுண்டும் சொந்தப் பயன்பாட்டுப் பொருட்களும் கணவர் அல்லது மனைவிக்கு. மீதியில் பாதியும் அவருக்கே. மிச்சப் பாதியைத்தான் பிள்ளைகள் பங்கிட வேண்டும். 5,00,000 பவுண்டு சொத்து, அப்பாவின் இரண்டாவது மனைவி, மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒருவருக்கு 30,000 பவுண்டுகூடத் தேறாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வழக்கில் இறங்குகிறவர்கள் நிறையப் பேர்.

திருமணத்தையும் இங்கேயே சரிபாருங்கள். உயில் எழுதிய பிறகு அவர் திருமணம் செய்திருந்தால், அந்தத் திருமணத்தை மனதில் வைத்து எழுதிய உயிலாக இல்லாதவரை, அது தானாகவே ரத்தாகும். மறுபக்கம், இங்கிலாந்தில் கோயிலில் தாலி கட்டிச் சட்டப்படி பதிவு செய்யாமல் விட்டிருந்தால், ஊரறிந்த மனைவியும் இந்த விதியின் கண்ணுக்கு மனைவி இல்லை. இலங்கையிலோ இந்தியாவிலோ அங்குள்ள சட்டப்படி நடந்த திருமணம் என்றால் அந்தச் சிக்கல் பொதுவாக வராது. சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

அடுத்து வீடு. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உரிமைப் பதிவின் நகலை ஆன்லைனில் வாங்கிப் பாருங்கள். உரிமையாளர் பகுதியில், தனி ஒரு உரிமையாளர் மட்டும் விற்றுப் பணம் பெறுவதைப் பதிய முடியாது என்ற ஒரு கட்டுப்பாட்டு வாசகம் இருந்தால், இருவருக்கும் தனித்தனிப் பங்கு இருந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இறந்தவரின் பங்கு உயில் வழியே போகும். இரண்டு பெயர் இருந்தும் அந்த வாசகம் இல்லையென்றால், பெரும்பாலும் வீடு முழுவதும் உயிரோடிருப்பவருக்கே போயிருக்கும். உயில் அதைத் தொடவே தொடாது.

கேவியட்: போட வேண்டிய இடமும் போடக்கூடாத இடமும்

உயிலே செல்லாது என்பது உங்கள் வாதம், புரோபேட் இன்னும் வரவில்லை என்றால், புரோபேட் வழங்குவதைத் தடுத்து நிறுத்தும் அறிவிப்பான கேவியட்டை அன்றைக்கே போடுங்கள். ஆன்லைனிலோ பிஏ8ஏ படிவத்திலோ போடலாம். சில பவுண்டுகள்தான் செலவு. ஆறு மாதம் நிற்கும். கடைசி ஒரு மாதத்துக்குள் புதுப்பித்தால் இன்னும் ஆறு மாதம். கேவியட் பதிவான அதே நாளில் புரோபேட்டுக்கு முத்திரை விழுந்தால் அதை இது தடுக்காது. ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு: பெயர். மரணச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் இன்னொன்று, வங்கியில் தகப்பன் பெயர் முன்னால் வந்து வேறொன்று. கேவியட்டில் இருப்பதும் மற்றவர் விண்ணப்பத்தில் இருப்பதும் பொருந்தாவிட்டால் புரோபேட் பதிவகத்தின் தேடலில் சிக்காமல் போகலாம். அவர் எந்தெந்த வடிவில் பெயர் எழுதினாரோ அத்தனையையும் கொடுங்கள்.

எதிர்த்தரப்பு கேவியட்டுக்கு எச்சரிக்கை அனுப்பினால், கைக்குக் கிடைத்ததிலிருந்து 14 நாளுக்குள் உங்கள் உரிமை என்ன என்று காட்டி எழுத்து மூலம் ஆஜராக வேண்டும். விட்டால் கேவியட் போய்விடும். ஆஜரானால் அது நிரந்தரமாகும், பிறகு சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் நீங்காது. அதாவது, அந்த 14 நாளில்தான் விளையாட்டு முடிந்து வழக்கு தொடங்குகிறது. பாரிஸ்டரின் கருத்து கையில் இருக்க வேண்டியது அதற்கு முன்.

உயில் சரியானதுதான், எனக்குத்தான் போதியது கொடுக்கவில்லை என்பது உங்கள் குறை என்றால் கேவியட் போடாதீர்கள். அது 1975-ம் ஆண்டின் குடும்பத்தார், சார்ந்திருந்தோர் சட்டத்தின் கீழ் வரும் கோரிக்கை. அதற்குக் கேவியட் ஆயுதம் இல்லை, போட்டால் செலவுத் தொகை உங்கள் தலையில் விழலாம். அங்கே கவனிக்க வேண்டியது வேறு கெடு: புரோபேட் வழங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் கோரிக்கை பதிவாக வேண்டும். தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். புரோபேட் எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ள பிஏ1எஸ் படிவத்தில் நிலையான தேடலுக்குக் கொடுத்து வையுங்கள்.

இந்த 1975 சட்டத்தில் மனைவி, கணவர், பிள்ளைகள் (எந்த வயதானாலும்), மரணத்துக்கு முன் இரண்டு ஆண்டு ஒரே வீட்டில் தம்பதியாக வாழ்ந்தவர், இறந்தவரின் ஆதரவில் இருந்தவர் ஆகியோர் கேட்கலாம். கோயில் திருமணத்தோடு நின்றவருக்கும் இதுதான் வழி. ஆனால் கணவன் மனைவி தவிர மற்றவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கு நியாயமாக வேண்டியது மட்டும்தான். சமபங்கு கேட்கும் சட்டமல்ல இது. ஐலட் வழக்கில், தாயிடமிருந்து விலகியிருந்த மகளுக்கு மாவட்ட நீதிபதி கொடுத்தது 50,000 பவுண்டு. மேல்முறையீட்டில் அது 1,43,000 ஆனது. 2017-ல் உச்ச நீதிமன்றம் பழைய 50,000-க்கே திருப்பிவிட்டது. தாய் இறந்தது 2004-ல், வழக்கு முடிய ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டு.

காகிதம்தான் வழக்கு

உயில் செல்லாது என்பதற்குக் காரணங்கள் சில: 1837-ம் ஆண்டின் உயில் சட்டத்தின் 9-ம் பிரிவுப்படி கையெழுத்தும் இரு சாட்சிகளும் இல்லாதது, எழுதியவருக்கு மனத்திறன் இல்லாதது, உள்ளடக்கம் தெரியாமல் ஒப்பமிட்டது, வற்புறுத்தல், போலி. (சாட்சிக்கோ சாட்சியின் துணைக்கோ எழுதிய பங்கு மட்டும் போகும், உயில் போகாது. இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்.) தமிழில் எழுதிய உயிலும் இங்கே செல்லும், சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். மூல உயில் உங்கள் கையில் இருந்தால் ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றாதீர்கள், கிளிப் மாட்டாதீர்கள். பின் துளை இரண்டு ஜோடி இருந்தால் பக்கம் மாற்றியிருக்கிறார்களோ என்ற கேள்வி வரும், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மனத்திறனுக்கான அளவுகோல் 1870-ம் ஆண்டின் பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ தீர்ப்பு. உயில் எழுதுகிறோம் என்பதும் அதன் விளைவும் அவருக்குப் புரிந்ததா, என்ன சொத்து இருக்கிறது என்று தெரிந்ததா, யாருக்கு நியாயமான உரிமை உண்டு என்று எண்ணிப் பார்க்க முடிந்ததா, அந்த எண்ணத்தை ஏதாவது மனநோய் திரித்ததா. மறதி நோய் என்று டாக்டர் எழுதியிருந்தால் போதும் என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கேள்வி அந்த நாளைப் பற்றியது. அனுபவமுள்ள, சார்பற்ற ஒரு சொலிசிட்டர் (ஆவணங்களைத் தயாரித்து வழக்கை நடத்தும் வழக்கறிஞர்) அவரை நேரில் பார்த்து, உயிலை வாசித்துக் காட்டி, குறிப்பும் எழுதி வைத்திருந்தால், நீதிபதி அதைச் சுலபத்தில் ஒதுக்கமாட்டார்.

ஆகவே முதல் கடிதம் உயிலைத் தயாரித்த சொலிசிட்டருக்கு. ஒரு வழக்கின் பெயரால் லார்க் எதிர் நூகஸ் கடிதம் என்றே அதற்குப் பெயர். இறந்தவரை யார் அழைத்து வந்தார்கள், அறிவுறுத்தல் யார் வாயிலிருந்து வந்தது, அறையில் வேறு யார் இருந்தார்கள், எந்த மொழியில் பேசினார்கள், மொழிபெயர்த்தது யார், முந்தைய உயிலிலிருந்து ஏன் மாற்றம் என்று கேளுங்கள். கோப்பின் நகலையும் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு, பயன்பெறும் மகனே மொழிபெயர்த்திருந்தால், அந்த ஒரு வரி பத்து சொந்தக்காரரின் சாட்சியத்தைவிடக் கனம். இரண்டாவது கடிதம் குடும்ப மருத்துவரான ஜிபிக்கும் மருத்துவமனைக்கும், 1990-ம் ஆண்டின் மருத்துவப் பதிவுகள் சட்டத்தின் கீழ். உயில் தேதிக்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகளுக்குக் கேளுங்கள்.

பாரிஸ்டருக்குக் கொடுக்க வேண்டியது: இரண்டு பக்கக் கால வரிசை, குடும்ப மரம், எல்லா உயில்களும், சொத்து-கடன் பட்டியல், பதிவுகள், கடிதங்கள். ஒரே பிடிஎஃப், தொடர் பக்க எண். கால வரிசையில் "அப்பாவுக்கு அப்பவே நினைவு சரியில்லை" என்று எழுதினால் அது வெறும் புலம்பல். "2021 மார்ச் 12: ஜிபி குறிப்பு, மகளின் பெயர் நினைவில்லை, பக்கம் 47. மார்ச் 19: உயில் கையெழுத்து, பக்கம் 3" என்று எழுதினால் வழக்கு. உங்களுக்குப் பாதகமான காகிதத்தையும் சேருங்கள். எதிர்த்தரப்பிடம் அது எப்படியும் இருக்கும்.

ஆளைப் பிடிப்பது

சொலிசிட்டர் வழியாகப் போகலாம், நேரடியாகவும் போகலாம். பொது அணுகல் முறையில் பயிற்சி பெற்ற பாரிஸ்டரை யாரும் நேராக அமர்த்தலாம், பார் கவுன்சிலின் இணையத் தேடலில் கிடைப்பார்கள். உரிமம் சரியா என்பதை பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் பதிவேட்டில் பாருங்கள். ஆனால் வழக்கு நடத்தும் தனி அனுமதி இல்லாத பாரிஸ்டர் உங்கள் சார்பில் வழக்கைத் தாக்கல் செய்ய முடியாது. உங்கள் பணத்தையும் கையில் வைத்திருக்க முடியாது. எழுத்தில் தரும் சட்ட ஆலோசனையான கருத்துரைக்கு நேரடி வழி நல்லது. பத்து சாட்சிகளோடு விசாரணை வரை போகும் வழக்குக்கு சொலிசிட்டரும் வேண்டும். காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று அந்த வேலையை வீட்டில் ஒருவர் இழுத்துப் போட்டுக்கொண்டு கெடுவைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கும்.

பாரிஸ்டர்களின் அலுவலகமான சேம்பருக்கு அழைத்தால் பேசுவது கிளார்க். அவரிடம் கேளுங்கள்: இதே வகை வழக்கில் சமீபத்தில் விசாரணை நடத்தியவர் யார்? கருத்துரைக்கு நிலையான கட்டணம் எவ்வளவு, வாட் சேர்த்தா? எத்தனை பக்கம் வரை? எத்தனை நாளில்? கடைசி நேரத்தில் அவர் வேறு வழக்கில் மாட்டிக்கொண்டால் யார் வருவார்? தயங்காதீர்கள், பேரம் பேசுவது அவருடைய அன்றாட வேலை.

கேட்கும் கேள்வி "ஜெயிப்போமா?" என்று இருக்கக்கூடாது. எந்தச் சான்று குறைகிறது, அதைப் பெற எவ்வளவு ஆகும், வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை, எந்தத் தொகைக்கு சமரசம் செய்யலாம், மிக அருகிலுள்ள கெடு எது. பதில் எழுத்தில் வந்ததும் யாருக்கும் காட்டாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கத்தைப் போட்டால், அந்தக் கருத்துரைக்குள்ள ரகசியப் பாதுகாப்பு போய்விடலாம். அதில் உங்கள் பலவீனங்களும் எழுதியிருக்கும்.

செலவும் சமரசமும்

தோற்றவர் செலவைக் கொடுப்பதுதான் பொது விதி. குழப்பத்துக்கு உயில் எழுதியவரே காரணம் என்றால் சொத்திலிருந்தும், விசாரிக்க நியாயமான காரணம் இருந்தது என்றால் அவரவர் செலவு அவரவர்க்கு என்றும் விதிவிலக்கு உண்டு, அதை நம்பி இறங்க வேண்டாம். வென்றால்தான் கட்டணம் என்ற ஒப்பந்தத்தின் கூடுதல் வெற்றித் தொகையை 1975 சட்டத் தீர்ப்பில் சேர்த்து வாங்க முடியாது என்று 2024 டிசம்பரில் ஹிராசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது உங்கள் பங்கிலிருந்தே போகும்.

கோப்பும் மருத்துவப் பதிவும் கையில் வந்தபின், வழக்கைத் தாக்கல் செய்யுமுன் உள்ள இடைவெளிதான், நடுநிலையான ஒருவர் உதவியோடு சமரசம் பேசும் மீடியேஷனுக்கு ஏற்றது. ஒப்பந்தத்தில் பரம்பரை வரியை யார் கட்டுவது, வீடு விற்கும் கெடு, ஊர்ச் சொத்து என்ன ஆகும் என்று மூன்றையும் எழுதுங்கள். இங்கிலாந்துப் புரோபேட்டைக் காட்டி யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ காணியை மாற்ற முடியாது, அங்குள்ள சட்டப்படி தனி நடவடிக்கை வேண்டும். பங்கை மாற்றிக்கொள்வது வரிக்கணக்கிலும் இறந்தவரே கொடுத்தது போல ஏற்கப்பட வேண்டுமானால், மரணத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள், அதற்கான வாசகத்தோடு எழுத்தில் முடித்துவிட வேண்டும்.