ஸ்காட்லாந்தில் குளிர்காலப் பறவை நோக்கல்: வெயிலைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

டிசம்பரில் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நண்பர்களோடு ஒரே நாளில் ஏரியும் கடலும் பார்க்க வேண்டுமென்றால், எதை முதலில் பார்ப்பது என்பதுதான் முக்கியம்.

ஃப்ரேசர்பரோ, பீட்டர்ஹெட் என்ற கடற்கரை ஊர்களுக்கு நடுவே உள்ள ஸ்ட்ராத்பெக் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்திலிருந்து வரும் இளஞ்சிவப்புக் கால் காட்டுவாத்துகள் இரவை ஏரியில் கழித்து, விடியலில் கூட்டங்கூட்டமாக வயல்களுக்குக் கிளம்பிவிடும். சாவகாசமாகக் காலை உணவை முடித்துவிட்டுப் போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். பொழுது விடியும் முன்பே போய் நில்லுங்கள். வழியில் வயல்களில் மேயும் அன்னங்களின் அலகைக் கவனியுங்கள். மஞ்சள் ஆப்பு வடிவில் நுனியை நோக்கி நீண்டிருந்தால் அது ஹூப்பர் அன்னம்.

கடலை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரை என்பதால் காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகவே தெரியும். மதியத்துக்குப் பின் வெயில் முதுகுப்பக்கம் வந்துவிடும். நீள்வால் வாத்து அடிக்கடி மூழ்குவதால் பைனாகுலரை ஓரிடத்தில் நிறுத்திப் பொறுமையாகக் காத்திருங்கள். ஃப்ரேசர்பரோ துறைமுகத்தில் ஐடர் வாத்துகள் மிக அருகிலேயே நீந்தும். கரைப்பறவைகளுக்கு, கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஏற ஏற அவை கரையை நெருங்கி வரும்.

காற்று பலமாக இருந்தால் காரை விட்டு இறங்கவே வேண்டாம். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். மனிதருக்கு மிரளும் பறவைகள் காரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.